கலைச்சொல்லும் பாடநூலும்: தேர்வு நோக்கில் ஒரு மீள்பார்வை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் தேர்வைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். இலக்கியம் இன்பத்துக்கு உரியது, தேர்வு அச்சத்துக்கு உரியது என்று எண்ணும் வழக்கம் உண்டு. எனினும் உடையார்பாளையத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவர்க்கு இலக்கியத்தின் வாயில் தேர்வின் வழியாகவே திறக்கிறது. அவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பட்டத் தேர்வும், பின்னர் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வும் அவர்களுக்கு வாழ்வாதாரம். ஆகவே தேர்வுக்கு எவ்வாறு படிப்பது என்னும் வினா இவ்வட்டாரத்தில் இலக்கிய வினாவும் ஆகும்.

முந்திரிக் காடு சூழ்ந்த ஓர் ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரி செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கையில் வினா விடை நூல் ஒன்று. அதில் பரணி என்பதற்கு இரண்டு வரி, உலா என்பதற்கு மூன்று வரி, இறைச்சி என்பதற்கு ஒரு வரி. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள். வினாத்தாளிலோ, “கலிங்கத்துப்பரணியைக் கொண்டு பரணி இலக்கணத்தை நிறுவுக” என்று இருக்கிறது. தெரிந்த இரண்டு வரிகளையே சொல்லை மாற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு வெளியே வருகிறாள். உழைப்பில் அவள் குறை வைக்கவில்லை. ஆயினும் மதிப்பெண் கிட்டவில்லை. குறை எங்கே உள்ளது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மனப்பாடம் பழியன்று

குறை மனப்பாடத்தில் உள்ளது என்று கூறிவிடுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. தமிழ் இலக்கண நூல்கள் நூற்பா வடிவில் அமைந்ததே நெஞ்சில் நிறுத்துவதற்காகத்தான். எதனை மனப்பாடம் செய்வது, எதனோடு சேர்த்துச் செய்வது என்பதே கருதத்தக்கது. இதற்கு யாப்பருங்கலக் காரிகையே தக்க சான்றாக நிற்கிறது.

அமிதசாகரர் இயற்றிய அந்நூல் உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என மூன்று இயல்களை உடையது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் உறுப்புகளை அது கூறும் முறை அனைவரும் அறிந்ததே. அந்நூலில் “முதல்நினைப்புக் காரிகை” என்னும் பாடல்கள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக வரும் செய்யுள்களின் முதற்சொற்களை மட்டும் வரிசையாகக் கோத்து ஒரு பாடலாக்கித் தருவதே உதாரண முதல்நினைப்பு. அந்த ஒரு பாடலை ஓதினால் எடுத்துக்காட்டுகள் யாவும் நினைவுக்கு வரும். எடுத்துக்காட்டு நினைவுக்கு வந்தால் இலக்கணமும் உடன்வரும்.

இன்றைய மாணவர் தேர்வுக்கு முதல்நாள் தாளில் குறித்துக்கொள்ளும் சுருக்கக் குறிப்பு போன்றதே இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய குறிப்பு விதியைச் செய்யுளோடு பிணைத்து வைத்தது. இன்றைய வினா விடை நூல் விதியைச் செய்யுளினின்றும் அறுத்தெடுத்துத் தருகிறது. வேரறுத்த செடி பத்து நாள் பசுமையாக நிற்கும். தேர்வு மண்டபத்தில் வாடிவிடும்.

இக்காரிகையைப் பாடம் சொல்லுதலில் இவ்வட்டாரத்துக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855–1942) இளமையில் தமிழ் கற்ற இடங்கள் பெரும்பாலும் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவை. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும் அவர் பாடம் கேட்டார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் வாழ்ந்த விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பயின்றார். ரெட்டியார் கல்லூரி ஆசிரியர் அல்லர். நிலபுலம் உடைய வேளாண் பெருமகனார். அத்தகையவர் யாப்பிலக்கணத்தைத் தெளிவுறக் கற்பிக்கும் நிலையில் இருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அதன்பின் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஐயர் அடைந்தார். மகாவித்துவானிடம் சென்று சேரும் தகுதியை அவருக்கு அளித்தவை இவ்வட்டாரத்துத் திண்ணைகளே எனலாம்.

ஊர்ப்பெயரை அலகிடுதல்

யாப்பு என்றவுடன் மாணவர் அஞ்சுவர். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் வாய்பாடுகளை ஒப்பிப்பர். புதிய அடி ஒன்றைக் கொடுத்து அலகிடச் சொன்னால் திகைப்பர். அன்றாடம் காதில் விழும் சொற்களையே அலகிட்டுப் பழகினால் அச்சம் நீங்கும். பேருந்து நிலையத்தில் நடத்துநர் கூவும் ஊர்ப்பெயர்களே போதும்.

அரியலூர்: அரி, யலூர் என இரண்டு நிரையசை, கருவிளம். பெரம்பலூர்: பெரம், பலூர்; அதுவும் கருவிளமே. செந்துறை: செந், துறை என நேரும் நிரையும், கூவிளம். சயங்கொண்டம்: சயங், கொண், டம் என நிரை நேர் நேர், புளிமாங்காய். நான்கு ஊர்ப்பெயர்களில் மூன்று வாய்பாடுகள் அடங்கிவிட்டன.

இனி உடையார்பாளையம். உடையார் என்பது உடை, யார் எனப் பிரிந்து புளிமா ஆகும். பாளையம் என்பதில் இடையில் நிற்கும் ‘ளை’ ஐகாரக் குறுக்கமாகக் குறிலின் நிலை பெறுமாயின் பா, ளையம் என நேரும் நிரையுமாகிக் கூவிளம் ஆகும். ஐகாரக் குறுக்கம் என்று எழுத்தியலில் ஒரு மதிப்பெண்ணுக்காகப் படித்தது எதற்குப் பயன்படுகிறது என்பது இங்கே விளங்கும்.

இவ்வூர்ப்பெயரை வெண்பாவில் அமைக்க முயன்றால் மற்றொன்றும் விளங்கும். வெண்பாவில் மாச்சீரின் முன் நிரையசை வருதல் வேண்டும். உடையார் என்னும் மாச்சீரை அடுத்துப் பாளையம் நேரசையில் தொடங்குகிறது; ஆகவே ஆசிரியத்தளை தட்டும். பெயரை ஒரே சீராகக் கொண்டால் நாலசைச் சீராகும். அதுவும் வெண்பாவில் புகாது. அங்ஙனமாயின் இவ்வூரை வெண்பாவில் பாடவே இயலாதோ? இயலும். உடையார்பா என ஒரு சீராகவும் ளையம் என அடுத்த சீராகவும் பிரித்தால் முன்னது புளிமாங்காய். சீர் முதலில் நிற்கும் ஐகாரத்தை நெடிலாகவே கொண்டால் பின்னது நேரசையில் தொடங்கும்; காய் முன் நேர் வந்து வெண்சீர் வெண்டளை அமையும். சொல்லைச் சொல்லாகப் பிரிக்காமல் ஓசைக்கேற்பப் பிரிக்கும் இதற்குத்தான் வகையுளி என்று பெயர். வகையுளியின் இலக்கணத்தைப் பத்து முறை எழுதிப் பார்த்தும் விளங்காத மாணவிக்குத் தன் ஊர்ப்பெயரை ஒருமுறை அலகிட்ட அளவில் விளங்கிவிடும்.

பரணியும் உலாவும் பிறந்த மண்

அடுத்து, சிற்றிலக்கியக் கலைச்சொற்கள். பழங்காலத்தில் பிரபந்தம் எனப்பட்ட இவற்றைத் தொண்ணூற்றாறு என வகைப்படுத்திச் சொல்வர். வீரமாமுனிவரின் சதுரகராதி அப்பட்டியலைத் தருகிறது. பாட்டியல் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் வகுத்துள்ளன. அவற்றுள் பரணியும் உலாவும் உடையார்பாளையம் வட்டத்தோடு நெருங்கிய உறவுடையன.

முதலாம் இராசேந்திரன் (1014–1044) அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இவ்வட்டத்தில்தான் உள்ளது. அதன்பின் சோழப் பேரரசின் தலைநகராக நெடுங்காலம் விளங்கியது அந்நகரே. வீரராசேந்திரன் (1063–1070) பெயரால் புத்தமித்திரர் வீரசோழியம் இயற்றினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் ஒரே நூலில் கூறியது அது. முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்க வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். விக்கிரமசோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் மூவர் மீதும் ஒட்டக்கூத்தர் உலாப் பாடினார். தண்டியலங்காரத்தின் எடுத்துக்காட்டுச் செய்யுள்களில் அநபாயன் புகழப்படுகிறான். அது இரண்டாம் குலோத்துங்கனின் பெயர் என்பர். தேர்வுப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி இத்தலைநகரின் அரசர்களைச் சுற்றி எழுந்தது என்றால் மிகையாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சயங்கொண்டம் என்னும் ஊர்ப்பெயரைக் கண்டு புலவர் சயங்கொண்டார் அவ்வூரினர் என எழுதிவிடும் மாணவர் உண்டு. சயங்கொண்ட சோழன் என்பது சோழ மன்னர் கொண்ட பட்டப்பெயர். பெயரொற்றுமை ஒன்றே சான்றாகாது. ஊர்ப்பற்று நல்லது, அது விடைத்தாளில் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

இனி அந்த மாணவி எழுதத் தவறிய விடைக்கு வருவோம். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் கூறும் இலக்கணம். இதனை அவள் சரியாகவே எழுதினாள். அடுத்துச் செய்ய வேண்டுவது, அவ்விலக்கணத்தை நூலுக்கு முன்னால் நிறுத்தி வினவுதல். கலிங்கத்துப்பரணியில் களிற்றுப்போர் உண்டா? உண்டு. நூலுக்குப் பெயர் யாரால் வந்தது? வென்ற சோழனால் வரவில்லை. தோற்ற கலிங்கத்தால் வந்தது. போரை நடத்தியவர் யார்? படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். போரைக் கூறுபவர் யார்? புலவர் நேரே கூறவில்லை. களத்தைக் கண்டுவந்த கூளி காளிக்குக் கூறுகிறது. கடவுள் வாழ்த்து, கடைதிறப்பு, காடு பாடியது, கோயில் பாடியது எனத் தொடங்கிப் போர் பாடியது, களம் பாடியது என முடியும் அமைப்பில், போருக்கு முன்னரே நூலின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. ஏன்? பசியால் வாடும் பேய்க்கூட்டத்தின் ஏக்கம் வளர வளரத்தான் பின்வரும் போரின் கொடுமையும் வெற்றியின் பெருமையும் பெருகித் தோன்றும். இவ்வாறு ஐந்து வினாக்களை எழுப்பினால் விடை தானே மூன்று பக்கம் வளரும். கூறியது கூறலும் நிகழாது.

அதன்மேலும் ஒரு படி செல்லலாம். ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியில் தலைவன் மண்ணுலக வேந்தன் அல்லன். தக்கன் வேள்வியை அழித்த வீரபத்திரக் கடவுள். தத்துவராயர் பாடிய அஞ்ஞவதைப் பரணி, மோகவதைப் பரணி ஆகியவற்றில் கொல்லப்படுவன அறியாமையும் மோகமும். அங்கே ஆயிரம் யானைக்கு இடமேது? ஆயினும் அவை பரணிகளே. இலக்கணம் ஒரு காலத்தின் வழக்கைக் கண்டு வகுத்தது. புலவர் அதனை ஏற்றும் விரித்தும் புதுக்கியும் செல்கின்றனர். இதனை எடுத்துக்காட்டும் மாணவரின் விடைத்தாள் திருத்துவோர் கண்ணில் தனித்து நிற்கும்.

உலாவுக்கும் இம்முறை பொருந்தும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களைப் பெயரும் அகவையுமாக ஒப்பிப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். தெருவில் பவனி வருபவன் ஒருவன், காண்போர் எழுவர். அதே காட்சி பேதைக்கு வேடிக்கையாகவும், அவளினும் மூத்தோர்க்குப் படிப்படியாகக் காதலாகவும் ஏக்கமாகவும் மாறுவதைக் கலிவெண்பாவில் தொடர்ந்து காட்டுவதே உலாவின் திறம். ஏழும் பட்டியல் அல்ல. ஏழு கண்கள் என்று உணர்ந்தால் மறக்க இயலாது.

இருவகைத் தலைவர்

மாணவர் அடிக்கடி மயங்கும் ஓர் இணை, பாட்டுடைத்தலைவன், கிளவித்தலைவன் என்பன. நூலில் புகழப்படுபவன் பாட்டுடைத்தலைவன். அகப்பொருள் நிகழ்ச்சியில் காதலனாக வருபவன் கிளவித்தலைவன். கோவை நூலில் இவ்விருவரும் வேறு வேறு. திருக்கோவையாரில் பாட்டுடைத்தலைவன் தில்லைச் சிவபெருமான். கிளவித்தலைவனுக்குப் பெயரே இல்லை. உலாவிலோ புகழப்படும் வேந்தனே காதலுக்கும் உரியவன் ஆகிறான்.

இவ்வேறுபாட்டை உணர்த்தும் எடுத்துக்காட்டு உடையார்பாளையத்திலேயே உண்டு. இவ்வூர் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த இசைப்புலவர் கனம் கிருஷ்ணையர். உ.வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையருக்கு இசை பயிற்றியவரும் அவரே. கனம் என்பது இசை பாடும் நெறிகளுள் ஒன்றன் பெயர். அதில் பெற்ற வன்மையால் அக்கலைச்சொல்லே அவர் பெயருக்கு அடைமொழி ஆயிற்று. ஒரு கலைச்சொல் ஏட்டை விட்டு மனிதர் மேல் ஏறி நின்ற வரலாறு இது. அவர் இயற்றியவை பதங்கள். தலைவி கூற்றாகவும் தோழியை நோக்கிய கூற்றாகவும் அமைவது பதத்தின் இயல்பு. உடையார்பாளையம் ஜமீன்தாரையே தலைவனாக வைத்து அவர் பாடிய பதங்களும் உள்ளன. அங்கே புரவலரே பாட்டுடைத்தலைவர், அவரே கிளவித்தலைவர். புரவலர் பாராமுகமாக இருந்தால் அந்த வருத்தத்தைப் புலவர் தலைவியின் ஊடலாகச் சொல்லிவிட முடிந்தது. தலைவி கூற்று என்னும் ஒரு மரபு, நேரே சொல்லத் தகாததைச் சொல்லும் உரிமையை ஒரு கலைஞருக்கு வழங்கியது. இதனை அறிந்தபின் ‘கூற்று’ என்பது வெறும் இரண்டு மதிப்பெண் வினாவாகத் தோன்றாது.

அணியும் குறிப்பும்

மயங்கும் இணைகள் இன்னும் சில உண்டு. ‘தாமரைமுகம்’ என்றால் உவமைத்தொகை. ‘முகத்தாமரை’ என்றால் உருவகம். முன்னதில் முகம் முகமாகவே நிற்கிறது. பின்னதில் முகமே தாமரை ஆகிவிடுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தின் சோழகங்கம் ஏரியை மக்கள் பொன்னேரி என வழங்குவர். ‘கடலன்ன ஏரி’ என்றால் உவமை. ‘ஏரிக்கடல்’ என்றால் உருவகம். கோடையில் நீர் வற்றியது கண்டு இரங்கிக் கரைமரங்கள் தலையசைத்தன என்று பாடினால் தற்குறிப்பேற்றம். காற்றால் இயல்பாக நிகழும் அசைவின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். சிலப்பதிகாரத்து மதுரை மதிற்கொடிகளை மட்டுமே எடுத்துக்காட்டாக அறிந்த மாணவர், புதிய பாடல் ஒன்று வினாத்தாளில் வந்தால் அணியைக் கண்டுகொள்ள இயலாமல் நிற்பர். தாமே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்த்தவர் கண்டுகொள்வர்.

உள்ளுறையும் இறைச்சியும் இவற்றினும் கடினமானவை. இரண்டும் கருப்பொருளின் வழியாகப் பிறப்பன. இரண்டும் குறிப்பால் உணர்த்துவன. ஓர் ஏரியில் மீனை உண்ட கொக்கு வேறோர் ஏரிக்கும் பறந்து, மாலையில் பழைய மரத்துக்கே திரும்பும் ஊரை உடையவன் என்று தலைவனைத் தோழி கூறுவதாகக் கொள்ளலாம். கொக்குத் தலைவனாகவும், மீன் பரத்தையாகவும், பழைய மரம் தலைவியின் மனையாகவும் ஒன்றுக்கொன்று ஒத்து நிற்கும். இவ்வாறு உவமை போல உறுப்புக்கு உறுப்புப் பொருந்துவது உள்ளுறை. கலித்தொகையில், பாலை வழியில் நிழலின்றி வருந்தும் பெண்மானுக்குத் தன் நிழலைத் தந்து நிற்கும் ஆண்மான் பேசப்படுகிறது. அங்கே ஒத்துப் பார்த்தற்கு ஒன்றுமில்லை. அக்காட்சியைக் காணும் தலைவன் தன் துணையை நினைந்து மீள்வான் என்னும் ஆறுதல் காட்சிக்குப் புறத்தே தோன்றுகிறது. அது இறைச்சி. ஒப்பிட்டுப் பார், ஒப்பு முழுதும் அமைந்தால் உள்ளுறை. ஒப்பின்றியும் ஒரு பொருள் தோன்றினால் இறைச்சி என்று குறித்துக்கொண்டால் பெரும்பாலும் மயக்கம் நீங்கும்.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலனாகும். கலைச்சொல் என்பது ஒரு பாடலை நோக்கி எழுப்பும் வினா. அதன் விடை பாடலுக்குள் இருக்கிறது. வினாவை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு விடை எழுத முயல்வதே மாணவரின் இடர்ப்பாட்டுக்குக் காரணம்.

பாடப்பகுதியும் முழுநூலும்

இனிப் பாடமாக வைக்கப்பெற்ற நூல்களைப் பற்றி. பாடத்திட்டம் ஒரு நூலின் சிறு பகுதியையே பெரும்பாலும் வைக்கிறது. பருவத் தேர்வு முறையில் வேறு வழியுமில்லை. ஆனால் அப்பகுதியே நூல் என்று கருதிவிடும் பிழை தேர்விலும் கேடு செய்யும். தேர்வுக்குப் பின்னும் கேடு செய்யும்.

இதற்கும் உ.வே. சாமிநாதையர் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என ஐயர் ஒரு நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. அவர் கேட்டது சீவக சிந்தாமணியை, சிலப்பதிகாரத்தை, மணிமேகலையை. அவற்றை ஐயர் அதுகாறும் பார்த்ததுமில்லை.

அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வியில் அவர் குறைவாகப் படித்தவர் அல்லர். எல்லோரினும் மிகுதியாகப் படித்தவர். அவர்தம் கல்வி ஒரு வழக்கமான பாடநிரலுக்குள் நிகழ்ந்தது. அந்நிரலுக்கு வெளியே இருந்த பெருங்காப்பியங்கள் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. சிந்தாமணியிலும் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் மட்டும் 1868-இல் பவர் என்னும் பாதிரியாரால் அச்சேறியிருந்தது. பதின்மூன்று இலம்பகங்களில் ஒன்று அது. எஞ்சியவை ஏட்டுச் சுவடிகளில் கிடந்தன.

வினாவைக் கேட்டபின் அவர் செய்தது நினைக்கத்தக்கது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிடைத்தால் படிப்பேன் என்றார். கிடைத்த பிரதியைப் படித்தார். பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். ஏட்டில் புரியாத சமயக் கலைச்சொற்கள் அவர்கள் வாழ்க்கையில் வழங்கி வந்தன. ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. இன்று தமிழ் மாணவர் தேர்வுக்குப் படிக்கும் நூல்களுள் பல, பாடநிரலுக்கு வெளியிலிருந்து எழுந்த ஒரு வினாவின் பயனாகக் கிடைத்தவை.

ஆகவே பாடப்பகுதியைப் படிக்கும்போது மூன்று செய்திகளையேனும் உடன் அறிந்துகொள்ளுதல் நன்று. அப்பகுதி முழுநூலில் எங்கே நிற்கிறது என்பது ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்கிறது என்பது இரண்டு. அதே பொருளைப் பேசும் வேறு நூல் எது என்பது மூன்று. இதற்கு ஒரு நூலுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். முழுநூலின் உள்ளடக்கத்தை ஒருமுறை பார்த்தவர்க்கும் பாராதவர்க்கும் உள்ள வேறுபாடு விடைத்தாளின் முதற்பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இலக்கிய வட்டம் செய்யத்தக்கது

வசதி படைத்த நகரத்து மாணவர்க்குப் பயிற்சி மையங்கள் உள்ளன, நூலகங்கள் உள்ளன, வீட்டில் கேட்டுத் தெளிய ஆள் உண்டு. சிற்றூர் மாணவிக்கு இருப்பது ஒரு வினா விடை நூலும் பேருந்துப் பயணமுமே. அவ்விடைவெளியை நிரப்பும் ஆற்றல் இத்தகைய இலக்கிய வட்டங்களுக்கு உண்டு. செங்கணத்து ரெட்டியார் தம் ஊரில் செய்த பணி அதுவன்றோ! அவர் கட்டணமும் வாங்கவில்லை, பட்டமும் வழங்கவில்லை, கேட்க வந்தவர்க்குச் சொன்னார்.

தேர்வுக்கு முந்திய திங்களில் வாரம் ஒரு மாலை மாணவரைக் கூட்டி, ஒரு கலைச்சொல்லையும் ஒரு பாடலையும் எதிரெதிரே வைத்துப் பேசலாம். பேசுவோர் மாணவராகவே இருக்கட்டும். தெரிந்த பெரியோர் திருத்தம் சொல்லட்டும். ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு முதல்நினைப்பு எழுதிக்கொள்ளட்டும்: இடப்பக்கம் கலைச்சொல், வலப்பக்கம் பாடலின் முதற்சொல், கீழே அதனோடு மயங்கும் மற்றொரு சொல். நாற்பது சொற்களுக்கு இவ்வாறு எழுதினால் அது அவரவர்க்குரிய காரிகை ஆகிவிடும். பிறர் எழுதிய வினா விடை நூலினும் அது நெஞ்சில் நிற்கும்.

பேருந்தில் செல்லும் அம்மாணவி ஒருநாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கி, அக்கோயில் முற்றத்தில் அமர்ந்து கலிங்கத்துப்பரணியை விரிப்பாளாயின், பரணி என்பது அவளுக்கு இரண்டு வரி விடையாக இராது. தன் ஊருக்குச் சில கல் தொலைவில் இருந்த தலைநகரின் வெற்றிச் செய்தியாகவும், அவ்வெற்றிக்குக் கலிங்கம் கொடுத்த விலையைப் பேய்களின் வாயால் சொல்லும் கதையாகவும் அது விரியும். அவள் தேர்வில் வெல்வாள். பின்னாளில் ஆசிரியையாகி வகுப்பறையில் நிற்கும்போது, தன் மாணவர்க்குச் சொல்லையும் பாடலையும் சேர்த்தே கொடுப்பாள்.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டம் அதற்கு வழி செய்யுமாக. தேர்வெழுதும் செல்வங்கள் யாவரும் நற்பேறு பெறுவாராக.